சத்திரக்காரனை மறவாதிருங்கள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஆலயத்தின் பக்க அறையில் என்னைச் சந்தித்தனர். தகப்பனார் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மகள் சமவெளியிலுள்ள ஒரு கல்லூரியில் செவிலியர் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். அவள் கையில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று இருந்தது. ஆப்பிரிக்க நாடொன்றின் மருத்துவமனையில் இரண்டு வாரத் தன்னார்வச் சேவை. தங்குமிடமும் உணவும் சான்றிதழும் உண்டு. விமானக் கட்டணம் நீங்கலாக ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். சேகரத்தின் மிஷனரி நிதியிலிருந்து ஒரு பகுதியைத் தந்து உதவ வேண்டும் என்பது அவர்களுடைய விண்ணப்பம்.

வருகிற சேகரக் குழுக் கூட்டத்தில் அந்த விண்ணப்பம் வைக்கப்படும். அதற்கு முன்பாக என் கருத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நலம் என்று எண்ணினேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். இது ஒரு வீட்டுக் காரியம் மட்டுமன்று. நம் சேகரத்தில் செவிலியர் படிப்புப் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இத்தகைய அழைப்புகள் அவர்களுடைய கைப்பேசிகளுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. இன்று ஒரு வீட்டார் கேட்டதை நாளை இன்னொரு வீட்டார் கேட்பார்கள்.

அந்த மகள் சொன்ன ஒரு வார்த்தை அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. “ஐயா, இங்கே ஒரு ஊசி போடணும்னாலும் மேடம் பக்கத்துல நிக்கணும். பிரசவம் பார்க்கறதுக்கு இன்னும் கட்டுப்பாடு. அங்கே போனா எல்லாம் நாங்களே செய்யலாமாம். நல்ல அனுபவம் கிடைக்கும்னு சொல்றாங்க.” கள்ளமற்ற முகத்தோடு சொன்னாள். துண்டறிக்கையிலும் அது ஒரு சலுகையாகவே அச்சிடப்பட்டிருந்தது. இங்கே ஆசிரியை ஏன் அருகில் நிற்கிறார்? படுக்கையில் கிடப்பவரின் உயிர், மாணவியின் அனுபவத்தைவிட மேலானது என்பதால். அப்படியானால் அங்கே படுத்திருப்பவரின் அருகில் ஆசிரியை நிற்க வேண்டியதில்லையா? இந்தக் கேள்விக்கு அந்த அறிக்கையில் விடை இல்லை.

நான் அவர்களுக்கு உடனே பதில் கூறவில்லை. அறிவுரை சொல்லத் தொடங்குமுன் என் பழைய பிழை ஒன்று எனக்கு முன்பாக வந்து நின்றது. அதை இதுவரை உங்களிடம் முழுமையாகச் சொன்னதில்லை.

பத்து ஆண்டுகளுக்கும் முன்பு, மேலைநாடொன்றிலிருந்து செவிலியர் மாணவ மாணவியர் பன்னிருவர் ஒரு குழுவாக நம் மலைக்கு வந்தனர். ஒருநாள் மருத்துவ முகாம் நடத்த இடம் வேண்டும் என்று அவர்களை அழைத்துவந்தவர்கள் கேட்டனர். நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் ஒரு மலைக்கிராமத்தைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளித் திண்ணையில் மேசைகள் போடப்பட்டன. பந்தலும் தேநீரும் ஆயத்தமாயின. அந்தப் பகுதிக்கென்று அரசு நியமித்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருந்தார். வாரந்தோறும் அந்தப் பாதையில் நடக்கிறவர் அவர். அவருக்கு ஒரு வார்த்தை தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வந்த பிள்ளைகள் நல்லவர்கள். முகம் சுளிக்காமல் எல்லாருடைய கைகளையும் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். குழந்தைகளோடு விளையாடினார்கள். ஒரு மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. உடன்வந்த மருத்துவர் பதினைந்து நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாலையில் அவர்கள் மலையிறங்கினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பயனடைந்தனர் என்று படங்களோடு ஓர் அறிக்கை எழுதினேன். அது நம் சபைப் பத்திரிகையில் வந்ததை மூத்தவர்கள் நினைவுகூரக்கூடும்.

ஒரு மாதத்துக்குப் பின் ஏற்காடு சந்தையில் அந்தப் பாட்டியைக் கண்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலியான மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “அந்தப் புள்ளைங்க திரும்பி எப்ப வரும் சாமி?” என்று கேட்டார். வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. “பார்க்கலாம் பாட்டி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மாத்திரை நின்றதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்லமாட்டார். ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை இடையில் நிறுத்தலாகாது என்பதை எல்லா மருத்துவரும் சொல்வார்கள். படுக்கையில் விழுந்தபின் அவரைத் தேடிப்போய் உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கவும், புண் வராமல் காக்கவும் மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தவர், நான் அழைக்க மறந்த அந்தக் கிராம சுகாதார செவிலியரே.

பிரியமானவர்களே, லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனின் உவமையை நாம் சிறுவயது முதல் அறிவோம். ஞாயிறு பள்ளியில் நம்மில் பலர் அந்தச் சமாரியனாக வேடமிட்டிருக்கிறோம். சத்திரக்காரன் வேடத்தை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. அவனுக்கு வசனமும் இல்லை. ஆயினும் அந்த உவமையைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சமாரியன் அங்கே தங்கியது ஓர் இரவு மட்டுமே. மறுநாள் அவன் தன் பயணத்தைத் தொடர்ந்தான். காயம் ஆறும்வரை கஞ்சி கொடுத்தவனும், இரவில் முனகல் கேட்டு எழுந்தவனும் சத்திரக்காரனே.

அப்படியானால் சமாரியனின் அன்பு குறைந்ததோ? இல்லை. அவன் செய்தவற்றைக் கவனியுங்கள். வழியில் அவன் செய்தது அவனுக்குத் தெரிந்த முதலுதவி. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து அக்காலத்தார் காயம் கட்டிய முறை அது. அதற்குமேல் தேவைப்பட்டதை, அங்கேயே இருக்கிறவன் கையில் ஒப்படைத்தான். அவனை வெறுங்கையோடு விடாமல் செலவுக்குப் பணம் கொடுத்தான். திரும்பி வருவதாகவும், மிகுதியான செலவு உண்டானால் அதையும் தீர்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தான். ஒரே இரவு தங்கியவனின் உதவி இவற்றால் நிலைத்த உதவியாயிற்று. நான் நடத்திய முகாமில் இரக்கம் இருந்தது. சத்திரக்காரன் இல்லை, அவனுக்குக் கொடுத்த பணம் இல்லை, திரும்பி வருவோம் என்ற வாக்கும் இல்லை.

இதைக் கேட்டு, கடல் கடந்து போவதே தவறு என்று ஆயர் சொல்லுகிறார் என எண்ணிவிடாதீர்கள். செவிலியர் பணியின் வரலாறே கடல் கடந்த ஒரு மாணவியோடு பின்னியிருக்கிறது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடர் ஃபிலீட்னர் என்ற போதகர் 1836-ல் ஓர் இல்லத்தை நிறுவினார். உதவிக்காரப் பெண்களுக்கு அங்கே நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1851-ல் இங்கிலாந்திலிருந்து 31 வயதுப் பெண்ணொருவர் வந்து மூன்று மாதம் தங்கிக் கற்றார். அவரே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அந்த ஊராருக்கு உபகாரம் செய்யப் போவதாக அவர் எண்ணிப் போகவில்லை, கற்றுக்கொள்ளவே போனார். அங்கிருந்தவர்களின் மேற்பார்வையில் வேலை செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1854-ல், போர்க்களத்து மருத்துவமனைக்குச் செவிலியர் குழுவோடு சென்றபோது அவர் கற்றுத் தேர்ந்த கரங்களோடு சென்றார்.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சாட்சி உண்டு. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டுமே அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்குத் திரும்பியிருந்தார். ஓரிரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் பெண்களைக் காக்க அழைத்தனர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்களால் இயலவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர் என்பதை விடிந்தபின் அவர் அறிந்தார்.

இந்தச் சம்பவத்தை நாம் பலமுறை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் செய்யாததை நாம் கவனிப்பதில்லை. இரக்கத்தின் வேகத்தில், கல்லாத கையோடு அவர் அந்த வீடுகளுக்குள் ஓடவில்லை. படிக்கப் போனார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பினார். 1902-ல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1946-ல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. 1960-ல் அவர் இந்த மண்ணிலேயே கண்மூடினார். தாம் ஒருவரே எல்லாரையும் குணமாக்கிவிட முடியாது என்று அறிந்து, நம் பெண்பிள்ளைகளைச் செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்கினார். சத்திரக்காரரை உருவாக்கியதே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.

இதற்கு மாறான கதையும் நம் காலத்தில் நடந்திருக்கிறது. உகாண்டா நாட்டின் ஜிஞ்சா நகரில், மருத்துவப் பயிற்சி இல்லாத இளம் அமெரிக்கப் பெண்ணொருவர், ஊட்டமின்றி வாடிய குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தை நடத்தினார். கிறிஸ்தவ ஊழியமாகவே அதைத் தொடங்கினார். அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிகவும் மோசமான நிலையில் வந்த பிள்ளைகள் பலர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை இழந்த தாய்மார் இருவர் 2019-ல் வழக்குத் தொடுத்தனர். தாம் மருத்துவராக நடிக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே இழப்பீட்டுத் தொகை கொடுத்து அந்த வழக்கு முடிக்கப்பட்டது. அவர் உள்ளத்தை நியாயந்தீர்க்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒருபோதும் பயிற்சிக்கு ஈடாகாது என்பதை அந்தத் தாய்மாரின் கண்ணீர் நமக்குச் சொல்லுகிறது.

இத்தகைய கேடுகளைத் தவிர்க்கவே, அயல்நாடுகளில் மருத்துவப் பயிற்சி பெறுவோருக்கான நெறிமுறைகளை வல்லுநர் குழுவொன்று 2010-ல் வெளியிட்டது. அதன் சாரம் எளியது. அனுப்புகிற நிறுவனமும் ஏற்கிற நிறுவனமும் சமமான பங்காளிகளாயிருக்க வேண்டும். மாணவர் தம் பயிற்சியின் எல்லையைத் தாண்டலாகாது. ஏற்கிற மருத்துவமனையின் நேரத்தையும் பொருளையும் அவர்கள் உறிஞ்சிவிடலாகாது. இவற்றுக்கு மேலாக நான் ஒரே ஒரு கேள்வியைக் கூட்டுகிறேன். நாளை அயல்நாட்டு மாணவி ஒருத்தி சேலத்து மருத்துவமனையில், மேற்பார்வை எதுவுமின்றி, உங்கள் மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்தால் சம்மதிப்பீர்களா? சம்மதிக்கமாட்டோம் என்றால், அந்த ஆப்பிரிக்கத் தாயின் மகளுக்கு மட்டும் அதை எப்படி நாம் சேவை என்று அழைப்போம்? பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே அவர்களுக்குச் செய்யும்படி ஆண்டவர் கற்பித்தது மருத்துவமனை வார்டுக்கும் பொருந்தும்.

உங்களில் சிலர் கேட்கக்கூடிய மறுப்பு ஒன்று எனக்குத் தெரியும். அது பலமான மறுப்பு. அந்த மகளின் தாயாரே அதைக் கேட்டார். “வெள்ளைக்காரப் பிள்ளைங்க நம்ம மலைக்கு வந்து பார்த்துட்டுப் போகலாம், தோட்டத்துக்காரர் பிள்ளை மட்டும் உலகத்தைப் பார்க்கக் கூடாதாங்க ஐயா?” நான் தலைகுனிந்தேன். அவர் கேட்டது சரி. கப்பலும் விமானமும் எப்போதும் ஒரே திசையில் உதவியைச் சுமந்து வர வேண்டும் என்ற சட்டம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காப்பிப் பழம் பறித்தவர்களின் பேத்தி, உலகின் எந்த நாட்டு மருத்துவமனையிலும் தலைநிமிர்ந்து நின்று கற்க வேண்டும். அதனால்தான் அவளுடைய இரண்டு வாரத்தை யாரோ விற்பனைச் சரக்காக்குவதை நான் எதிர்க்கிறேன். ஒன்றே முக்கால் இலட்சம் என்பது அந்த வீட்டில் எத்தனை மாதக் கூலி என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கு இந்தச் சான்றிதழ் உதவும் என்று தகப்பனார் நம்புகிறார். அந்த நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற ஆங்கிலத் தேர்ச்சியும், கணினிவழித் தேர்வும், செய்முறைத் தேர்வும் வேண்டும். ஜெர்மனி ஜெர்மன் மொழித் தேர்ச்சியைக் கேட்கிறது. வளைகுடா நாடுகள் உரிமத் தேர்வையும், படிப்பு முடித்தபின் செய்த வேலையின் அனுபவத்தையும் பார்க்கின்றன. படிக்கும்போது பணம் செலுத்திப் பெற்ற இரண்டு வாரச் சான்றிதழ் இவற்றுள் எதற்கும் ஈடாகாது. வேலைக்கு ஆள் அனுப்புவதற்கென்று தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமே இருக்கிறது. பட்டம் பெற்றபின் அங்கே போய் விசாரிப்பது செலவில்லாத வழி.

இனி அருகாமைக்கு வருகிறேன். நம் மலைக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கும் தூரம் அதிகமில்லை. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தப் பள்ளத்தாக்கிலும் நம் மலையில் இருப்பது போன்ற மலையாளிப் பழங்குடி மக்களே வாழ்கின்றனர். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே போய்ச் சேர்ந்தனர். முதல் மருத்துவமனை ஓலைக்குடிசைதான். பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்தில் 147 பேர் முதல் ஆண்டுக்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. அவர்கள் அவ்வூர்ப் பெண்களையே அழைத்துப் பயிற்றுவித்தனர். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத பழங்குடிப் பெண்கள் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் உருவாயினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கை 20-ஐ ஒட்டிக் குறைந்தது. இரண்டு மருத்துவர்களின் கைகளால் மட்டும் நடந்த காரியமன்று இது. கற்றுக்கொடுத்துவிட்டு, கற்றவர்களோடு கூடவே தங்கியதனால் நடந்தது.

அரசும் ஒரு பாதையைத் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பாட்டியின் முந்தானையில் இருந்த காலி அட்டைக்கு, பல ஆண்டுகள் கழித்து வந்த பதில் இது. அந்தத் தன்னார்வலரும் தன்னார்வலரே. அவருக்கு விமானப் பயணம் இல்லை, துண்டறிக்கையில் படமும் இல்லை. அடுத்த மாதமும் அதே வாசலில் வந்து நிற்கிறார்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமத்தார் குடும்பம் குடும்பமாக ஏறிப் போவதை நாம் காண்கிறோம். 5,326 அடி உயரத்தில், குறுகிய இருண்ட குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் அவர்கள் வணங்குகிறார்கள். நம் வழிபாடு வேறு. ஆயினும் அவர்கள் நம் அயலகத்தார். நமக்கு முன்பிருந்தே இந்த மலையில் வேரூன்றியவர்கள். இவ்வாண்டு விழாக் கூட்டத்தில் அந்தப் பாட்டியின் மருமகளைப் பார்த்தேன். அவருக்கும் இப்போது இரத்த அழுத்தம் இருக்கிறதாம். “மாத்திரை வீட்டுக்கே வருதுங்க சாமி, பாதை ஓரம் இருக்கறதால. மேல இருக்கற வீடுங்களுக்கு மழைக் காலத்துல தாமதமாகுது” என்றார். நான் கேட்காமலேயே அவர் எனக்குச் சொன்ன தேவை அது. ஒருநாள் முகாமில் அதை நான் கேட்டிருக்கவும் மாட்டேன், கேட்டாலும் தீர்த்திருக்கமாட்டேன்.

ஆகவே சேகரக் குழுவுக்கு நான் வைக்கப்போகும் ஆலோசனை இது. இந்தப் பயணத்துக்கு மிஷனரி நிதியிலிருந்து கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்த மகளுக்கும் அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு பயிற்சி உதவித்தொகையை ஏற்படுத்துவோம். கல்லூரியின் அனுமதியோடு, விடுமுறையில் ஒரு மாதம், மலைவாழ் மக்களுக்குத் தொண்டு செய்யும் மருத்துவமனை ஒன்று ஏற்றுக்கொள்ளுமானால், அங்கே தங்கிக் கற்பதற்கான செலவை நாம் கொடுப்போம். பின்னாளில் அவளுடைய கல்லூரியே ஓர் அயல்நாட்டு நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம் செய்து, ஆசிரியரின் மேற்பார்வையோடு மாணவரை அனுப்புமானால், அப்போது விமானச் செலவு முழுவதையும் சபை ஏற்க வேண்டும் என்பேன். அதற்கு எதிராக யாரேனும் வாக்களித்தால் நான் வருந்துவேன்.

மழைக் காலத்து மாத்திரைத் தாமதத்தைக் குறித்தும் ஒன்று. நம் ஆலயத்து ஜீப் வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் கிராம சுகாதார செவிலியரையும் சந்தித்து, மாதம் இரண்டு நாள் அதைப் பயன்படுத்திக்கொள்ள விருப்பமா என்று முதலில் கேட்போம். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்று கேட்போம்.

வேறு ஊர்களிலிருந்து இதை வாசிக்கும் பெற்றோரும் மாணவரும் உண்டு. உங்களுக்கு இத்தகைய அழைப்பு வந்தால், பணம் கட்டுமுன் சில காரியங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இங்கே என் கல்லூரி அனுமதிக்காத எதையேனும் அங்கே செய்யச் சொல்லுகிறார்களா? அருகில் நிற்கும் பதிவுபெற்ற செவிலியர் யார்? கட்டணத்தில் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? அந்த மருத்துவமனையே மாணவரைக் கேட்டு அழைத்ததா? நான் திரும்பியபின் நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பவர் யார்? அங்கே கழியும் நாட்களைக் கல்லூரி பயிற்சி நேரமாக ஏற்குமா? உங்கள் உடல்நலமும் அற்பமானதன்று. நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதை யார் தருவார் என்று கேளுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போகவும், அங்கிருந்து இந்தியா திரும்பவும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். நேர்மையான அமைப்பு இக்கேள்விகளால் கோபப்படாது.

இதை வெளியிடுமுன் அந்த மகளுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். புதன்கிழமை மாலை அழைத்தாள். “படிச்சேன் ஐயா. வருத்தமாத்தான் இருக்கு. கூடப் படிக்கறவங்ககிட்ட எல்லாம் போறேன்னு சொல்லிட்டேன்” என்றாள். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, “அந்தக் கேள்விகளை அவங்களுக்கு மெயில்ல அனுப்பியிருக்கேன். என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்” என்றாள். இதை எழுதும் நேரம்வரை பதில் வரவில்லை. நல்ல பதில் வந்தால், என் ஆலோசனையை மாற்றிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அவளுக்காகவும், அவளுக்கு இதைச் சொல்ல நேர்ந்த எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் நீர் வைத்திருக்கிற இரக்கத்துக்காக உம்மைத் துதிக்கிறோம். அந்த இரக்கம் கற்ற கரங்களோடும் தாழ்ந்த மனதோடும் புறப்பட்டுப்போக உதவி செய்யும். நாங்கள் பாராமல் கடந்துபோன சத்திரக்காரரை எங்களுக்குக் காண்பித்தருளும். மலைப்பாதைகளில் மருந்து சுமந்து நடக்கிறவர்களின் கால்களைக் காத்தருளும். கொடுத்த வாக்கை நிறைவேற்றத் திரும்பிப் போகிற பெலனை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.